கரியாலூர்க்காரருக்குக் கொடுக்காத வீடு

"இந்த வூடு உங்களுக்குச் சரிப்படாதுங்க."

கண்ணாயிரம் பட்டென்று சொன்னதும் அவர் மனைவி விஜயலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கள்ளக்குறிச்சியில் அந்த வீடு ஒன்றரை வருஷமாக விலைக்கு நிற்கிறது. வருகிறவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். "நல்லாத்தான் இருக்கு, கலந்துகினு சொல்றோம்" என்பார்கள். அத்தோடு சரி. இது விற்றால்தான் நெய்வேலியில் இருக்கும் மகனோடு போய்ச் சேர முடியும்.

இன்றைக்குத்தான் ஒருத்தர் வந்து, பார்த்து, பிடித்தும் போய், "எப்ப ரிஜிஸ்டர் வச்சிக்கலாம்?" என்று கேட்டார். பெயர் வெள்ளையன். பள்ளிக்கூட வாத்தியார். மாற்றலாகி இந்த ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறார். கூடவே மனைவி வெள்ளச்சி. போன வாரம் இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலுக்கு வெட்டிப்போட்ட மரங்கள் இன்னும் ரோட்டில் கிடந்ததால் பாதி வழி நடந்தே வந்திருந்தார்கள்.

வெள்ளச்சி சமையலறையில் நின்று, எந்த மூலையில் எதை வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கண்ணாயிரம் கேட்டார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"மலைமேல, கரியாலூருங்க ஐயா."

கண்ணாயிரம் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகுதான் அந்தச் 'சரிப்படாது'.

"விலை கம்மியா கேட்டுட்டமாங்க?" என்றார் வெள்ளையன்.

"விலை இல்லீங்க. வாங்க, ரோடு வரைக்கும் நானும் வர்றேன்."

வெள்ளச்சி முகம் செத்துப்போனது. வெளியே வந்து செருப்பை மாட்டினாள்.

அவர்கள் தெருக்கோடி திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணன் தெரு மானத்தைக் காப்பாத்திட்டாரு யக்கா. மலைக்காரங்களுக்கு இன்னிக்கு ஒரு வூடு குடுத்தா, நாளைக்கு தெருவே அவங்களுதுதான்."

விஜயலட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணாயிரம் திரும்பி வந்து வாசல் ஏறுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம் நடுரோட்டுல உக்காந்துகினு நம்ம ஜனத்துக்குப் பங்கு குடுன்னு தொண்டை கிழியக் கத்தினீங்களே, அது இன்னாத்துக்கு?"

"உள்ள வா, சொல்றேன்."

"இங்கியே சொல்லுங்க. அந்த மனுசனும் அவருக்கு வந்த பங்குல படிச்சி, வாத்தியாராகி, மலையெறங்கி வந்தவருதானே? மலைக்காரர்னா வூடு குடுக்கக் கை வரலியா? நமக்கு மட்டும் எல்லாம் வேணும், அவங்க மட்டும் மேலயே கெடக்கணுமா? உங்களுக்கெல்லாம் எதுக்குங்க போராட்டம்?"

தெருவே கேட்டது. எதிர்வீட்டு ராணியம்மாள், "நல்லாக் கேளு விஜயா" என்றாள். பிச்சைமுத்து சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டான்.

கண்ணாயிரம் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார்.

"அவருகிட்ட ரோட்டுல வச்சி விஷயத்தைச் சொல்லிட்டேன். உன் எதிர்ல சொன்னா உனக்குக் கேவலமாப் போயிடும்னுதான் கூட்டிக்கினு போனேன்."

"எந்த விஷயத்தை?"

"ஐப்பசியில ஏரி ரொம்பினா நம்ம வூட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்குதே, அதை. மேட்டுத்தெருவுல அய்யனார் வூடு விலைக்கு இருக்கு, போய்ப் பாருங்கன்னும் சொல்லி அனுப்பினேன்."

விஜயலட்சுமியின் குரல் இறங்கிவிட்டது.

"அவங்க கேக்கலியேன்னுதான் நானும்..."

"முன்ன வந்தவங்களும் நம்மகிட்ட கேக்கல. அக்கம்பக்கத்துல விசாரிச்சாங்க, போயிட்டாங்க. இவருக்கு இந்த ஊர்ல விசாரிக்க ஆள் இல்ல" என்றார் கண்ணாயிரம். "அதனாலதானே விஜயா, உனக்கு அவரை அவ்ளோ புடிச்சிப் போச்சு?"