ஆட்டத்தில் இல்லாத ரெண்டு பேர்

“உன் மடையை ராத்திரியோட ராத்திரியா வெட்டி விட்டது உன் பங்காளிதான்” என்று தியாகராசன் சொன்னதுதான் தாமதம், குடியானவன் அரிவாளைத் தூக்கிவிட்டான்.

“இரு, இரு, நான் தடுக்கிறேன்” என்று ஜெக்கரியா அவசரமாகப் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. தடுக்க முடியவில்லை. மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு.

மயிலாடுதுறையில் தியாகராசன் வீட்டு மாடியில் ஞாயிறு தவறாமல் நடக்கும் கதையாட்டம் அது. கூலிப் போராட்டமும் நிலத் தகராறுமாகக் கொந்தளித்த பழைய தஞ்சாவூர்க் கிராமம்தான் களம். ஆட வந்தவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். மிச்ச ஊர் முழுக்கத் தியாகராசன் வாயால்தான் பேசும். ஆட்டத்தில் இல்லாத அந்த ஆட்களை ஒருவரோடு ஒருவர் மோத விடுவதில் ஐயா பெரிய கெட்டிக்காரர். அந்தக் கர்வமும் அவனுக்கு உண்டு.

“எப்படிடா இப்படி முடிச்சுப் போடுறே?” என்று கேட்டான் இளையபெருமாள். கல்லூரித் தோழன், தியாகராசன் வயலில் பாடுபடும் கண்ணுசாமியின் மகன், இப்போது கால்நடை டாக்டர்.

“ரொம்ப சுலபம். ரெண்டு பேருக்கும் ஒரே பொருள் வேணும். ஒருத்தனைப் பத்தி இன்னொருத்தன் காதுல பாதி உண்மையைப் போடணும். அப்புறம் நாம கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா போதும், மிச்சத்தை அவங்களே பாத்துக்குவாங்க.”

அந்த வேலை அவனுக்கு நிஜத்திலும் இருந்தது. அவன் வயலை வாங்கி மனைக்கட்டாக்க ஒருவர் துடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அப்பா காலத்திலிருந்து அதில் சாகுபடி செய்யும் கண்ணுசாமியும் வீரையனும், “நாங்க போகமாட்டோம்” என்று சேர்ந்து நின்றார்கள். அப்பா அவர்களை ‘நம்ம ஆளுங்க’ என்றுதான் வெளியில் சொல்வார். நெல்லை அளந்து வாங்கிக்கொண்டாலும் குத்தகை என்ற சொல் அவர் வாயில் வராது. அதைப் பாசம் என்றே தியாகராசன் நினைத்திருந்தான்.

“வீரையன் நேத்து தனியா வந்து பேசிட்டுப் போனாரு, உங்களுக்குத் தெரியாதா?” என்று கண்ணுசாமியிடம் போட்டான். வீரையன் வந்தது பச்சைப்பயறு கொடுக்க, அதைச் சொல்லவில்லை. “வரப்பு உங்க பக்கமா நகர்ந்துகிட்டே வருதே, பாக்கலியா?” என்று வீரையனிடம் போட்டான்.

ஒரே வாரத்தில் பற்றிக்கொண்டது. டீக்கடையில் கண்ணுசாமி வீரையன் சட்டையைப் பிடித்தார். வீரையன் மண்வெட்டியை ஓங்கினார். ஆட்டத்தில்கூட இவ்வளவு நடந்ததில்லை.

பிறகு இருவரும் தனித்தனியாக வந்து ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். “எது என் பங்கு, எது அந்தாளு பங்குன்னு வி.ஏ.ஓ.வை வச்சு ஊர் முன்னால நீங்களே சொல்லிடுங்க தம்பி. இல்லேன்னா கொலை விழும்.”

தியாகராசனுக்கு உச்சி குளிர்ந்தது. பிரித்துவிட்டால் ஒவ்வொருவராகக் கிளப்பிவிடலாம். வரப்பில் ஏறி நின்று, ஆட்டத்துக்கென்றே வைத்திருக்கும் கம்பீரக் குரலை எடுத்தான்.

“வாய்க்கால் பக்கம் அஞ்சு மா நிலம் கண்ணுசாமி குத்தகை. மேட்டுப் பக்கம் அஞ்சு மா வீரையன் குத்தகை. எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்.”

வி.ஏ.ஓ. எழுதி நீட்டினார், கையெழுத்தும் போட்டான். குத்தகைக்காரர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே திசைக்கொருவராகப் போனார்கள்.

அறுப்பு முடிந்த கையோடு இருவரும் ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள். வீரையன் கையில் மிட்டாய்ப் பொட்டலம்.

“தாலுகா ஆபீசுல எங்க ரெண்டு பேரு பேரும் குத்தகைப் பதிவேட்டுல ஏறிடுச்சுங்க தம்பி” என்றார் கண்ணுசாமி. “ஊரறிய நீங்க சொன்னதுதான் ஆதாரம். இனிமே எங்கள யாரும் கிளப்ப முடியாதாம்.”

தியாகராசன் மொபெட்டையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப, அந்தச் சண்டை?”

“எல்லாம் நம்ம இளையபெருமாள் சொல்லிக் குடுத்ததுதாங்க. எங்களுக்கு நடிப்பு எங்க வருது” என்று கண்ணுசாமி கூச்சத்தோடு சிரித்தார்.

வீரையன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டிக்கொண்டே, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“நாங்க இன்னும் சண்டை போடணுங்களா தம்பி, இல்ல இது போதுங்களா?”