புள்ளிக் கழுத்து

மூங்கில் அரிசி உதிர்ந்து கிடந்த புதருக்குச் சாம்பல் காட்டுச்சேவல் ஒரு சட்டம் போட்டது. தன்னைப்போல் கழுத்து இறகில் வெள்ளைப்புள்ளி இருப்பவர்கள் மட்டும் மேயலாம். காவலுக்கு மலையணிலை வைத்தது. புள்ளியே இல்லாத செங்காட்டுச்சேவல் எவ்வளவு கெஞ்சியும் அணில் உள்ளே விடவில்லை. சாம்பல் சேவலுக்கு ஏகத் திருப்தி.

கோடையில் சேவல்களுக்குக் கழுத்து இறகு உதிர்ந்து, எது எந்தச் சேவல் என்றே தெரியாமல் போனது. பசியோடு வந்த சாம்பல் சேவலை அணில் மறித்தது.

"கழுத்தைக் காட்டுங்க."

"சட்டம் போட்டவனே நான்தாம்ப்பா."

"அவருக்குப் புள்ளி இருக்குமே."

வெளியே செஞ்சேவலும் மொட்டைக் கழுத்தோடு நின்றிருந்தது. சாம்பல் சேவலை ஏற இறங்கப் பார்த்தது.

"நம்ம ஆளா? வாங்க, அந்தப் பக்கம் கறையான் புற்று இருக்கு."

சாம்பல் சேவல் அதன் பின்னால் போய் வயிறு நிறையத் தின்றது. குரல் தன்னைச் செஞ்சேவலிடம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, மறுநாள் விடிந்தும் அது கூவவில்லை.