இன்னொரு கயிறு

ஆஸ்பத்திரியில் அது எந்த மாடி என்று தங்கைக்குச் சரியாக நினைவில்லை. பேச்சு மட்டும் நினைவிருக்கிறது.

அக்கா படுத்திருந்தாள். வலி என்று அவள் சொன்னபோதெல்லாம் “வெறும் வாயு” என்று நாளைக் கடத்திய கணவர், லிஃப்ட் மெக்கானிக், தலையைத் தொங்கப்போட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

“லிஃப்டுக்கு ஒரு கயிறு போதாதா? எதுக்கு அத்தனை?” என்றாள் அக்கா.

“ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும்.”

“சாமியும் அப்படித்தாங்க. இருந்தா தாங்கும். இல்லாட்டி உங்களுக்கென்ன நஷ்டம்? கும்பிட்டு வைங்க.”

“ஆள் படுத்தாலும் உன் வாய் படுக்கல.”

ஆனாலும் வாழ்நாளில் முதல் தடவையாகக் கைகூப்பினார். அன்றிலிருந்து தினமும் கும்பிட்டார்.

அக்கா பிழைக்கவில்லை.

“கண்ணவிஞ்ச சாமி” என்று வீடே அதிரத் திட்டித் தீர்த்தார் அவர். பக்கத்து வீட்டுக்காரர் தடுக்க வந்தார்.

“விடுங்க, திட்டட்டும்” என்றாள் தங்கை.

ஆஸ்பத்திரியில் அன்று அவர் மருந்து வாங்கப் போனதும் அக்கா சொன்னது அவளுக்கு மட்டுமே தெரியும்.

“எனக்கே சாமி நம்பிக்கை கிடையாதுடி. நான் போனா அவர் தன்னையே திட்டித் திட்டிச் செத்துடுவார். திட்டறதுக்கு வேற ஆள் வேணுமில்ல?”

தங்கை அதை அவரிடம் சொல்லவேயில்லை. மெக்கானிக் இன்னும் லிஃப்ட் பழுதுபார்க்கிறார், தினமும் சாமியைத் திட்டுகிறார், உயிரோடு இருக்கிறார்.