கரடியின் கை

சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன்.

சுடவில்லை. ஆனால் நாள் முழுக்க சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவளின் கையை நம்ப முடியாது. இன்னொரு சொட்டைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன்.

"வேக்ஸ் எனக்கா, உனக்கா?" என்றான் தம்பி.

சமையலறை மேஜையில் விரித்த பழைய துண்டின் மேல் இடது கையை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுகறுவென்று முடி. மீசை அரும்பிய வருஷமே கையிலும் முளைத்துவிட்டது. அப்போது நான் வைத்த பெயர்தான் கரடி. தெருவில், அவன் வேலை பார்த்த பஸ் டிப்போவில், எல்லா இடத்திலும் அதுவே நிலைத்தது. அவனுக்கும் அதில் பெருமைதான். எந்தச் சட்டையானாலும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொள்வான்.

இப்போது கை இளைத்துவிட்டது. முடி மட்டும் பழைய ஆளுடையது.

நாளைக் காலை ஆஸ்பத்திரி. வாராவாரம் அந்த இடது கை நரம்பில்தான் மருந்து ஏற்றுகிறார்கள். போன வாரம் அவன் வரவில்லை. வாசலில் ஆட்டோ நின்று ஹாரன் அடித்து ஓய்ந்தது. இவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

ஊசி பரவாயில்லையாம். ஊசியின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டரை எடுக்கும்போது முடியையும் பிய்த்துக்கொண்டு வருகிறதாம். அதைத்தான் தாங்க முடியவில்லையாம். இனி வரமாட்டானாம்.

ஒரு வாரம் விட்டதைச் சரிக்கட்டிவிடலாம், இன்னொரு வாரமும் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

சவரம் பண்ணிவிடட்டுமா என்று கேட்டேன். இரண்டே நாளில் முள்முள்ளாக வரும், இன்னும் மோசமாக இழுக்கும் என்றான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கடையிலிருந்து வரும் வழியில் முடி எடுக்கும் இந்த வேக்ஸ் பெட்டியை வாங்கி வந்தேன்.

பெட்டியின் மேல் ஒரு பெண் வழுவழுப்பான காலைக் காட்டிச் சிரிக்கிறாள். உள்ளே, முதல் முறை செய்பவர்களுக்கு என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். பவுடர் போட வேண்டும். முடி படிந்திருக்கும் பக்கமாகவே பூச வேண்டும். துணிப்பட்டையை வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாக, ஒரே இழுப்பு.

கடைசியைத் தவிர எல்லாம் சரியாகச் செய்தேன்.

ஊசித் தடங்களின் நீலத்தைவிட்டுத் தள்ளிப் பூசி, பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பி, மெதுவாக உரித்தேன். வலிக்கக் கூடாதே என்று இன்னும் மெதுவாக.

"அய்யோ! கொல்றியாக்கா? பிடுங்கறதுன்னா ஒரேயடியா பிடுங்கித் தொலை!"

பட்டை பாதியில் தொங்கியது. பாதி முடி வந்திருந்தது. மீதி பசையில் சிக்கிக் கிடந்தது.

எனக்கு இப்படித்தான் வருகிறது. அவனுக்கு என்ன நோய் என்பதையும் இப்படித்தான் சொன்னேன். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். ஒவ்வொரு துண்டுக்கும் அவன் தனித்தனியாக நொந்தான்.

கண்ணை மூடிக்கொண்டு மீதியை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

அவன் கத்தவில்லை. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்திருந்துவிட்டுச் சிரித்தான்.

"பொம்பளைங்க நீங்க இதையா ஆசைப்பட்டுப் பண்ணிக்கிறீங்க?"

"என்னை ஏன்டா சேர்க்கற? எனக்குத் தலை வாரவே நேரமில்ல."

நடுவில் வேக்ஸ் இறுகிவிட்டது. அடுப்பில் வைத்து இளக்கிக்கொண்டு வந்தேன். கால் கடுத்தது. நின்றுகொண்டே மீதியையும் எடுத்தேன். சிவந்து, எண்ணெய் பூசி, கடைசியில் மேஜை மேல் கிடந்தது ஒரு பையனின் கை. கரடி என்று நான் கூப்பிடத் தொடங்குவதற்கு முன்பு இருந்த கை.

வலது கை விரல்களால் அதை அவன் மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தான்.

"திரும்ப எப்ப முளைக்கும்?"

"மூணு, நாலு வாரம்னு போட்டிருக்கு."

அவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

மத்தியானம் கடையிலிருந்து நர்ஸுக்கு போன் செய்து, இவனுக்கு வேக்ஸ் போடலாமா என்று கேட்டிருந்தேன். டாக்டரைக் கேட்டுவிட்டு நர்ஸே திரும்பக் கூப்பிட்டார். ஊசித் தடத்தில் படாமல் போடலாம் என்றார். அப்புறம் ஆச்சரியமாகக் கேட்டார். எதுக்கும்மா இந்தப் பாடு? அவருக்கு ஆரம்பத்துலேர்ந்தே பேப்பர் பிளாஸ்டர்தானே போடறோம், அது ஒரு முடியைக்கூட இழுக்காதே.

அதற்குப் பிறகுதான் பெட்டியை வாங்கினேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், வராமலிருக்க அவன் வேறு காரணம் தேட வேண்டும். தேட அவனுக்கும் தெம்பில்லை, கேட்க எனக்கும் இல்லை.

நாளைக்கு வருவாயா என்றும் கேட்கவில்லை. முடி ஒட்டிய பட்டைகளைக் காகிதத்தில் சுற்றினேன். மேஜையிலிருந்து துண்டை இழுத்து மடித்தேன்.

மடித்த துண்டின் மேல் அவன் வலது கையைத் தூக்கி வைத்தான். இதுவரை ஊசியோ பிளாஸ்டரோ படாத கை.

"இதையும் எடுத்துடுக்கா. ஒரு கை மட்டும் இப்படி இருந்தா, நாளைக்கு அந்த நர்ஸம்மா சிரிப்பாங்க."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.