சொல்லிக்கொள்ளாமல்

நகைச்சுவைத் தொடரில் பன்னிரண்டு வருடம் ஊரையே சிரிக்க வைத்த முகம் மஞ்சரியுடையது. குரல் அவளுடையதல்ல, டப்பிங் பேசிய சற்குணம் என்ற பெண்ணுடையது. தொடர் முடிந்ததும் மஞ்சரி நடிப்பை விட்டுவிட்டாள். சற்குணம் மாரடைப்பில் இறந்த அன்றுதான் அந்த வீட்டுப் படியை முதன்முறையாக மிதித்தாள். மாலையைப் போட்டாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள், சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாதென்று பேசாமல் எழுந்தாள். வாசலில் சற்குணத்தின் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா சொல்லாமலே போயிடுச்சு மேடம். ‘போயிட்டு வரேன்’னு நீங்க ஒரு தடவ சொல்லுங்களேன்.”

மஞ்சரி தொண்டையைச் செருமினாள். தன் குரலை இந்தப் பெண் கேட்டதே இல்லை, இந்த முகத்திலிருந்து கேட்டதெல்லாம் அவள் அம்மாவின் குரலைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. படப்பிடிப்பில் பழகியபடி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

“சரிம்மா,” என்றாள் மகள். “பாத்துப் போ.”