காவலரை அனுப்பு

புதுக் கட்டடத்தின் பாதுகாப்பு மென்பொருளை முழுதாக அவளிடமே ஒப்படைத்திருந்தார்கள். காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தக் கதவு திறந்தால் எந்த அலாரம் அடிக்க வேண்டும், அடித்ததும் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் அவளே அமைத்திருந்தாள். கதவுகளுக்கு வயரிங் செய்தவன் அவளுடைய அண்ணன். கட்டடத்தில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

சோதித்துப் பார்க்க அவன் மொட்டைமாடிக் கதவைத் திறந்தான். கீழே கண்ட்ரோல் ரூமில் அலாரம் அலறியது. அவள் துள்ளிக் குதித்து, ‘காவலரை அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்தினாள். உடனே அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“பின்னிட்ட போ! அழுத்தின வேகத்துல ஆள் வந்து நிக்கிறாரு. நான் யாருன்னு கேட்டாரு. உன் அண்ணன்னு சொன்னேன், சிரிக்கிறாரு.”

“விளையாடாதண்ணா. செக்யூரிட்டி ஆளுங்க அடுத்த வாரம்தான் வேலைக்கே சேர்றாங்க.”

“அட, பக்கத்துலதான் நிக்கிறாரு. யூனிஃபார்ம் எல்லாம் போட்டிருக்காரு. பேசுறியா?”

அவள் அவசரமாக ‘திரும்ப அழை’ என்ற பொத்தானை அழுத்தினாள். அதுவும் பிசகில்லாமல் வேலை செய்தது.

“கிளம்பிட்டாரு. எவ்ளோ மரியாதையான மனுஷன்!” என்றான் அண்ணன்.

திரையில் பச்சை எழுத்துகள் வந்தன: ‘காவலர் கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்புகிறார்.’

வெளியே லிஃப்ட் இறங்கி நின்றது. அலாரம் மறுபடி அடித்தது. இந்த முறை அவளுக்குப் பின்னாலிருந்த கதவு.