டிப்போ மேனேஜருக்கு நன்றி

“மாமா, அந்தத் தலகாணி என்ன தப்பு பண்ணுச்சு?”

பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் ஐந்து வயது மகள் வாசலில் நின்று கேட்டாள். கட்டிலில் தலையணையை வைத்து இரண்டு குச்சிகளால் விளாசிக்கொண்டிருந்த டிரம்மர் கையை நிறுத்தினான்.

“ஒண்ணும் பண்ணலடா வாண்டு. உங்கப்பா ராத்திரியெல்லாம் பஸ் ஓட்டிட்டு இப்பத்தானே தூங்குறாரு? டிரம்ஸ் அடிச்சா எழுந்துடுவாருல்ல?”

மாடியில் இரண்டே வீடுகள், நடுவில் ஒரே சுவர். கீழே பூட்டிய கிடங்கு. தனிக்கட்டையான டிரம்மரின் அறை மூலையில் டிரம்ஸ் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. நாலு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய ராக் குழு. முதல் ஆல்பம் பதிய மூன்றே வாரம். “தலகாணியில பழகினா கையிலருந்து பஞ்சுதான் பறக்கும். சத்தம் வரலேன்னா வேற ஆள் பாத்துக்குவோம்” என்று பாடகன் அன்று காலைதான் சொல்லியிருந்தான்.

மறுநாள் டிரைவரே வந்தார்.

“என்ன தம்பி, தலகாணிய அடிச்சே கொல்றியாமே? எம்பொண்ணு அதுக்காக ஒரே அழுகை.”

“இல்லண்ணே, அது வந்து...”

“விடு. நாளையிலருந்து எனக்குப் பகல் டூட்டி. டிப்போவுக்குப் புது மேனேஜர் வந்திருக்காரு, நல்ல மனுஷன், மாத்திக் குடுத்துட்டாரு. காலையில போனா சாயங்காலம்தான் வருவேன். நீ சுவரு இடியற மாதிரி அடி.”

“நெஜமாவாண்ணே? நல்லதாப் போச்சு!”

அன்று படுக்கும்முன் அவன் கடவுளுக்கு நன்றி சொன்னான். கூடவே, முகம் தெரியாத அந்த மேனேஜருக்கும்.

மூன்று வாரமும் சுவர் அதிர்ந்தது. ஆல்பத்தில் அவன்தான் அடித்தான். அதன்பின் எட்டு வருடம் பகலெல்லாம் பயிற்சி. சாயங்காலமானால் குழுவோடு கிளம்பி, ஊர் அடங்கிய பிறகு திரும்புவான். குழு கலைந்தபோது டிரம்ஸை வாண்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளராகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். பின்வரிசையில் இருந்தபடி மற்றவர்களைத் தாங்கிப் பழகியவன். பயந்து பயந்து பாட வந்தவர்கள்கூட அவன் எதிரே இருந்தால் நன்றாகப் பாடினார்கள். அவன் தயாரித்த ஆல்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வென்றன. அவன், ‘அவர்’ ஆனார். வீடு மட்டும் மாறவில்லை.

அந்த முதல் ஆல்பத்துக்கு இருபத்தெட்டு வருடம் கழித்து, ஆண்டின் சிறந்த இசைத் தயாரிப்பாளர் என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். அரங்கமே எழுந்து நின்றது.

“எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டேன். ஒருத்தர்தான் பாக்கி” என்றார் அவர். “எங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் பகல் டூட்டி போட்டுக் குடுத்த டிப்போ மேனேஜர்! அவர் இல்லேன்னா நான் இன்னும் தலகாணியத்தான் அடிச்சிட்டிருப்பேன்.”

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. இரண்டாவது வரிசையில் இருந்த டிரைவர், ஓய்வுபெற்று நரைத்துப்போனவர், எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். பக்கத்தில் வாண்டு மட்டும் கைதட்டாமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலை. இப்போது தயாரிப்பாளருக்குத்தான் இரவு வேலை. பாடுகிறவர்களுக்குப் பொழுது சாய்ந்தால்தான் குரல் வரும். விடிந்து வீடு திரும்பியவர், பக்கத்து வீட்டிலிருந்து ‘பொத், பொத்’ என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். டிரைவர் சோபாவில் தலையணையை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் அந்தப் பழைய டிரம்ஸ், போர்வை போர்த்தியபடி.

“அந்தத் தலகாணி என்னண்ணே தப்பு பண்ணுச்சு?”

டிரைவருக்கு வெட்கமாகிவிட்டது. “ரிட்டயர் ஆன கிழவனுங்க எல்லாம் சேந்து ஒரு பாட்டுக் குழு தம்பி. அடுத்த மாசம் டிப்போ ஆண்டு விழாவுல மேடை. டிரம்ஸ் நான்தான்னு வாய விட்டுட்டேன். தேறலேன்னா என் கண்டக்டர உக்கார வெச்சுடுவாங்களாம். முப்பது வருஷம் எனக்கு விசில் ஊதுனவன், அவன்கிட்டயா தோக்கறது?”

“அதுக்கு டிரம்ஸ்லயே அடிக்க வேண்டியதுதானே?”

“நீ தூங்கற நேரமாச்சேப்பா.”

“அட, உங்ககிட்ட சொல்லலியா? நாளையிலருந்து எனக்குப் பகல்லதாண்ணே வேலை. காலையில போனா சாயங்காலம்தான் வருவேன். நீங்க சுவரு இடியற மாதிரி அடிங்க.”

“நெஜமாவா தம்பி? நல்லதாப் போச்சு!”

மறுநாள் காலை, இரவு வேலை முடிந்து வந்த தயாரிப்பாளர் மாடிப்படி ஏறவில்லை. தெருக்கோடி மரநிழலில் காரை நிறுத்தி, பின் சீட்டில் தலையணையைப் போட்டு, காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். மாடியிலிருந்து டிரம்ஸ் சத்தம் மிதந்து வந்தது. ஒவ்வொரு நாலாவது அடியும் பிந்தியது. விரலால் சீட்டில் தட்டி அதைச் சரிசெய்தபடி கண்ணை மூடினார்.

விருது வாங்கி இறங்கியதும் வாண்டு காதோடு சொன்னது அப்போதும் கேட்டது.

“எந்த மேனேஜர் மாமா? ரிட்டயர் ஆகுற வரைக்கும் அப்பாவுக்கு ராத்திரி டூட்டிதான். பகல்ல டிப்போவுல நிக்கிற பஸ்ஸுல, கடைசி சீட்டுல படுத்துத் தூங்குவாரு. அம்மா கட்டிக் குடுக்கிற சாப்பாட்ட நான்தான் கொண்டுபோய் எழுப்புவேன். எட்டு வருஷம், மாமா.”